இருதயசாமி கேரவன் பார்த்த மூன்று மாதம்

ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷம் குடியிருந்த இருதயசாமியைப் பற்றி அந்தப் பக்கத்துத் தமிழர்கள் இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்க வேண்டியிருந்ததாம். மனுஷன் சரோஜினி நகரில் ஒரு கடை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கடை, முனிர்காவில் ஒரு கடை என்று ஏறி இறங்கினாராம். மூன்று கடையிலும் விலையைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி, ஒரு தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் குக்கர் வீட்டுக்கு வந்ததாம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பதினோரு நாள் ஆனது என்பது உண்மை. அவர் மனைவி சிசிலியாவே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து இருபத்துமூன்று வயதில் மத்திய அரசுப் பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்தவர் அவர். வந்த இரண்டாம் வருஷமே ஓர் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். நாற்காலி, மின்விசிறி, திரைச்சீலை, ஒரு வருஷம் எலித்தொல்லை தாங்காமல் இருநூறு எலிப்பொறி, எல்லாம் அவர் கைவழியாகத்தான் ஆபீஸுக்குள் வந்தன. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் நகராது. அவர் வாங்கிய எதன்மேலும் ஓர் ஆடிட் ஆட்சேபணை வந்ததில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. மகள் ஸ்வப்னாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று பையன்களைப் பார்த்த பிறகே வாயைத் திறந்தார். "மூணாவது கொட்டேஷன் நான்தான்" என்று மாப்பிள்ளை டேவிட்சன் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

சிசிலியா பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக இருந்தாள். நகை, புடவை என்று எதற்கும் ஆசைப்பட்டவள் இல்லை. ஒரே ஒரு ஆசை உண்டு. பனி விழுவதைப் பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் சிம்லா வந்துவிடும். ஆனால் இவர்கள் எடுத்த லீவெல்லாம் தெற்கே போய்விட்டது. தங்கை கல்யாணம், அண்ணன் மகனுக்குக் கோயிலில் புதுநன்மை, மாமனார் அடக்கம், நிலத்தகராறு. சர்க்கார் கொடுக்கும் பயணச் சலுகையையும் ஒவ்வொரு முறையும் சொந்த ஊருக்கே எழுதிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவதும் இறங்குவதுமாக ஆயுசு கழிந்தது. ஜனவரியில் டிவியில் மலையெல்லாம் வெள்ளையாகக் காட்டும்போது, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். "அடுத்த வருஷம் போகலாம்" என்பார் இருதயசாமி. அப்புறம் "ரிட்டையர் ஆகட்டும்" என்றார்.

இருவரும் ரிட்டையர் ஆனார்கள். முனிர்காவில் ஒரு தரைத்தள ஃபிளாட்டுக்குக் குடிவந்தார்கள். சிசிலியாவுக்கு முதுகில் வலி வந்தது. அவளும் மாத்திரை போட்டுக்கொண்டு தள்ளிப்போட்டாள். போன அக்டோபரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்புவரை வந்துவிட்டிருந்தது. உட்கார்ந்தால் இருபது நிமிஷம் தாங்காது. படுத்தால் வலி கொஞ்சம் அடங்கும். டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றிவளைக்காமல் சொன்னாள்: ஆறு மாதம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் குளிர்காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

வார்டில் டியூட்டி மாறும்போது தகவல் கேட்டுக்கொள்வது போல சிசிலியா தலையாட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். இருதயசாமிக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. காரில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வரும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, பனி பாக்கணும்ங்க."

"பாக்கலாம்."

"சும்மா பாக்கலாம்னு சொல்லாதீங்க. படுத்துக்கிட்டே போற வண்டி இருக்குல்ல, சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, கேரவன். அது ஒண்ணு பழசா பாத்து வாங்குங்க. நாலு பேரும் போலாம். என் ரிட்டையர்மென்ட் பணம் சும்மாதான கெடக்கு. அது வேற எதுக்கு?"

கேரவனை வாடகைக்கு எடுக்கலாம் என்று டேவிட்சன் சொல்லிப் பார்த்தான். இருதயசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கிறவன் எல்லாம் படுத்துப் புரண்ட மெத்தையில் இவளைப் படுக்க வைத்தால் ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்றார். அதற்கு மேலும் ஒரு காரணம் சொன்னார். "வாடகைன்னா ஒரு தடவதான் போகலாம். சொந்தமா இருந்தா எத்தன தடவ வேணாலும் போகலாம்ல?"

முதல் கேரவன் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கக் கிடைத்தது. நஜஃப்கட் ரோடு பக்கம் சோப்ரா என்ற பஞ்சாபிக்காரர் பழைய வண்டிகள் விற்கும் யார்டு வைத்திருந்தார். யாரோ ஒரு தொழிலதிபர் கொரோனா காலத்தில் குடும்பத்தோடு சுற்றுவதற்கென்று பெரிய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே வீடு மாதிரி கட்டவைத்து, இரண்டு தடவை கசௌலி மலைக்குப் போய்விட்டு அலுத்துப்போய் விற்றுவிட்ட வண்டி. உள்ளே போனால் தேக்குப் பலகை, தோல் சோபா, இரண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஆள் திரும்ப இடமுள்ள குளியலறை. கடைசியில் வண்டியின் அகலம் முழுக்க ஒரு கட்டில். கட்டிலை ஒட்டித் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கண்ணாடி ஜன்னல்.

சிசிலியாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய், டேவிட்சன் தூக்கி அந்தக் கட்டிலில் படுக்க வைத்தான். ஜன்னலுக்கு வெளியே யார்டின் தகரச் சுவரும் அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய போர்வையும் தெரிந்தன. அவள் அதையே மலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவே போதும்ங்க" என்றாள்.

இருதயசாமி அதற்குள் வண்டிக்கு அடியில் போயிருந்தார். பையில் டார்ச், டேப், ஒரு காந்தம். தகரத்தில் காந்தம் ஒட்டாத இடத்தில் அடிபட்டுப் பட்டி பார்த்திருப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வண்டியைச் சுற்றி அங்குலம் அங்குலமாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. என்ஜின் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அங்கிள்ஜி, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் காடி" என்று வண்டியைப் புகழ்ந்தார் சோப்ரா.

"அச்சா ஹை" என்று ஒப்புக்கொண்ட இருதயசாமி, உள்ளே வந்து தமிழில் சொன்னார்: "வண்டி நல்லாதான் இருக்கு. இன்னும் ரெண்டு பாத்துரலாம்."

இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்க யாராவது இருந்திருக்க வேண்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அந்தத் தைரியம் இல்லை. சிசிலியா மட்டும் படுத்தபடியே கேட்டாள்.

"என்னப் பாக்க வந்தப்ப மட்டும் மொத வீட்லயே சரின்னீங்களே, அது எப்படி?"

"அப்ப நான் பர்ச்சேஸ் செக்ஷன்ல சேரலியே."

எல்லோரும் சிரித்தார்கள். சிசிலியாவும் சிரித்தாள், வலியில் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது வண்டி குர்கானில் இருந்தது. அதற்குள் நவம்பர் பாதி ஓடிவிட்டது. புகையும் தூசியுமாக டெல்லியில் மூச்சுவிட முடியாத நாட்கள். அவளை வெளியே கொண்டுபோக டாக்டர் சம்மதிக்கவில்லை. அதனால் இருதயசாமியும் டேவிட்சனும் போய்ப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். அது இன்னும் பெரிய வண்டி. வெந்நீர், இரண்டு டிவி, மடித்து வைக்கும் வெளிப்பந்தல் எல்லாம் இருந்தது. சிசிலியாவின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, இருதயசாமி விவரம் சொன்னார்.

"ஒரே ஒரு கொறதான். வண்டிக்கு எட்டு வயசு ஆயிருச்சு. டெல்லியில டீசல் வண்டிக்குப் பத்து வருஷந்தான ஆயுசு? அப்படிப் பாத்தா இன்னும் ரெண்டு வருஷந்தான் ஓட்ட முடியும்."

"ரெண்டு வருஷம் காஃபி இல்லயா அப்பா?" என்று கேட்டுவிட்டாள் ஸ்வப்னா. டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், அவள் தமிழில் எப்போதும் பாதி ஹிந்திதான். போதாதா என்ற அர்த்தத்தில் கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இருதயசாமி தலையை நிமிர்த்தாமல், ஆயுள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் போடுகிற அதே ஒப்பீட்டுப் பட்டியல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இருபத்திரண்டு கட்டம். கட்டிலின் நீளம், அகலம், மெத்தையின் கனம், டயர் தேய்மானம், பேட்டரி, ஜன்னல் ரப்பர், ஒன்றையும் விடவில்லை. ராப்பகலாக அதைத் திருத்திக்கொண்டிருந்தார். சிசிலியா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார், அவள் முனகினால் பேனாவை வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுப்பார். அவள் கேட்டதையெல்லாம் செய்தார். கஞ்சி வைத்தார், தலை வாரிவிட்டார், பெட்பேன் வைத்தார், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வண்டி ஒன்றை மட்டும் முடிவு செய்யவில்லை.

மூன்றாவது வண்டி சண்டிகரில் இருப்பதாக டிசம்பரில் தகவல் வந்தது. காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பினார். மறுபடியும் சந்தேகம் வந்து அடுத்த வாரம் இன்னொரு தடவை போனார். அந்த ஒரு மாதத்தில் சிசிலியா பாதியாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. வலிக்கு மாத்திரை போய் ஊசி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போக முடியவில்லை. சாமியார் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பட்டியல் தயாராகிவிட்டது. மத்தியானம், வீட்டில் இரண்டு பேர்தான். இருதயசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். சிசிலியா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபதாவது கட்டம் வந்தபோது கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள்.

"என்னங்க."

"இன்னும் ரெண்டுதான் இருக்கு. முடிச்சிர்றேன்."

"நீங்க வண்டி தேடலங்க. நாளத் தள்ளிக்கிட்டு இருக்கீங்க."

இருதயசாமி தாளைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"போய்ட்டு வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு சிசிலி?" என்றார். "பனியப் பாத்துட்டு வந்து உன்ன இந்தக் கட்டில்ல படுக்க வச்சிட்டா, அதுக்கப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காதே. வண்டி பாத்துக்கிட்டே இருந்தா நீயும் இருப்பேன்னு தோணிச்சு. ஃபைல மூடவே மனசு வரல."

இத்தனை நாளும் அவருக்கே தெளிவாகத் தெரியாத விஷயம் அது. வாயைவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

சிசிலியா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கோபப்படவில்லை.

"போகாம இருந்தா மட்டும் நான் இருந்துருவேனா? வார்டுல எத்தன பேரப் பாத்துருக்கேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லுவாரு. அவங்க கேக்கவே மாட்டாங்க. இன்னொரு டெஸ்ட் எடுங்க, இன்னொரு டெஸ்ட் எடுங்கன்னு நிப்பாங்க. கடைசியில பேஷன்ட் வார்டுலயே போயிரும். வீட்டு வாசல்கூட பாக்காது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பயமில்லங்க. நீங்கதான் பயந்துட்டீங்க. அந்த மொத வண்டிக்காரருக்கு இப்பவே போன் பண்ணுங்க."

அவர் அவள் எதிரிலேயே போன் செய்தார். சோப்ரா வருத்தமாகத்தான் சொன்னார். லூதியானாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து பத்து நாளைக்கு முன்பே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கிள்ஜிக்காக ஒரு மாதம் பிடித்து வைத்திருந்தேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றார். இருதயசாமி போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவளுக்கு ஹிந்தி புரியும். அவரே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஓடாத ஓட்டம் ஓடினார். குர்கான் வண்டியும் விற்றுப்போயிருந்தது. அன்று சாயங்காலமே டேவிட்சனை அழைத்துக்கொண்டு சண்டிகர் போய், சொன்ன விலைக்குச் சரியென்று சொல்லி முன்பணம் கொடுத்தார். ஆனால் வண்டியின் சொந்தக்காரர் கனடாவில் மகனைப் பார்க்கப் போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் வண்டியைக் கொடுக்கமாட்டோம் என்றார்கள், அவருக்காக வண்டியை விற்றுக்கொடுக்கும் ஆபீஸில். ஜனவரி பதினைந்தாம் தேதி வருவார் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து எங்கே, முத்திரை எங்கே என்று கேட்ட மனுஷன், அந்த ஆபீஸ் வாசலில் நின்று கெஞ்சினார். காகிதம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சாவியை மட்டும் கொடுங்கள் என்றார். அவர்கள் சட்டப்படி முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

பதினோராம் தேதி சிசிலியாவுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வாரம் சிம்லாவுக்கு மேலே நார்கண்டாவில் நல்ல பனி. யாரோ எடுத்துப்போட்ட வீடியோவை ஸ்வப்னா போனில் காட்டினாள். தேவதாரு மரங்களின்மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு சிசிலியா கேட்டாள்.

"சத்தத்தைக் கொறச்சு வச்சிருக்கியா?"

"இல்லம்மா. ஃபுல்லாதான் இருக்கு. அது விழும்போது சவுண்டே வராதாம்."

"அப்படியா" என்றாள். மறுபடியும் ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தாள். இருதயசாமி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். போனின் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. சுற்றிவந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பதினான்காம் தேதி விடிந்த பிறகு சிசிலியா இறந்துபோனாள். சொந்தக்காரர் நாளைக்கு வந்துவிடுவார், வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று அன்று காலை சண்டிகரிலிருந்து போன் வந்தது. டேவிட்சன்தான் எடுத்துப் பேசினான்.

பத்து மணிக்கு இருதயசாமியும் டேவிட்சனும் ஒரு கடைக்குப் போனார்கள். சவப்பெட்டி செய்து விற்கும் சின்னக் கடை. மேரி சிலைக்கு முன்னால் மின்சார மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மரத்தூள் வாசனை. முன்னால் மூன்று பெட்டிகள், உள்ளே இன்னும் பல. கடைக்காரர் முதல் பெட்டியின் மூடியைத் திறந்துகாட்டி மெதுவாக விவரம் சொன்னார். உள்ளே பஞ்சு வைத்த மெத்தை, வெள்ளை சாட்டின் துணி, தலைக்குச் சின்னத் தலையணை, பித்தளைப் பிடி. பலகை நல்ல பலகை, தட்டிப் பார்க்கலாம்.

இருதயசாமி தட்டிப் பார்க்கவில்லை. அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள்ஜி, அந்தர் அவுர் பீ ஹை" என்றார் கடைக்காரர். உள்ளே இன்னும் இருக்கிறது, இரண்டு மூன்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அவசரமில்லை என்றார்.

"நஹி" என்றார் இருதயசாமி. "இதுவே போதும்."

ஹிந்தியில் தொடங்கித் தமிழில் முடித்துவிட்டார். கடைக்காரர் புரியாமல் டேவிட்சனைப் பார்த்தார். டேவிட்சன் தலையாட்டினான். விலையும் அவன்தான் கேட்டான். இருதயசாமி அங்கேயே ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர் பெட்டியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"அவ மொத நாளே சொன்னா டேவிட்சன்" என்றார். "நான்தான் இன்னும் ரெண்டு பாக்கலாம்னேன்."